லூர்து சொன்ன ஜெபம்

போன வாரம் பேத்தி ஒரு பாக்கெட் அச்சு முறுக்கு வாங்கி வந்தாள். பிரித்ததுமே தேங்காய்ப்பால் வாசனை. எச்சில் ஊறுவதற்கு முன்னால் எனக்குக் கோபம் ஊறிவிட்டது. முறுக்கைப் பார்த்துக் கோபப்படுகிற கிழவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

வெள்ளைக்காரன் போன புதிது. ராயபுரத்தில் நான் தையல் டீச்சர். அப்பா அந்தோணி ஹார்பரில் மூட்டை தூக்குபவர். அந்த மார்கழியில் ஹார்பரில் ஸ்டிரைக். கல்லெறி, தடியடி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காசிமேட்டில் ஒரு வலைக் கொட்டகையில் ஒளிந்திருந்த அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காட்டிக் கொடுத்தவன் லூர்து. அப்பாவோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவன், பாதி நாள் எங்கள் வீட்டுச் சோறு தின்றவன். அவன் போலீஸ் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போனதைத் தெருவே பார்த்தது.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கதவு தட்டினார்கள். திறந்தால் லூர்து, தோளைப் பிடித்துக்கொண்டு.

"அண்ணி, கொஞ்ச நேரம் வுள்ள வுடு. தெரு முனையில போலீசுக்காரனுங்க நின்னுகினு அடிக்கிறானுங்க."

நான் கதவைச் சாத்தப் போனேன். அம்மா தடுத்தாள். "வுடுடி, நல்ல நாளு. வா லூர்து, குந்து."

அப்பா உட்காரும் இடத்திலேயே பாய் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறு, கறிக்குழம்பு, ஓரமாக அச்சு முறுக்கு. லூர்து கை வைக்கப் போனான்.

"ஜெபம் சொல்லாம துன்றியா? வூட்டுக்கு வந்தவங்கதானே சொல்லணும்" என்றேன் நான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. விருந்தாளி சோற்றுக்கும் வீட்டுக்கும் நன்றி சொல்லிவிட்டு, பந்திக்கு வராதவர்கள் பெயரையும் சொல்லி அவர்களுக்காக வேண்ட வேண்டும். லூர்து அவசரமாக நன்றி சொல்லிச் சிலுவை போட்டான்.

"வராதவங்க பேர வுட்டுட்டியே" என்றேன்.

வெளியே பூட்ஸ் சத்தம். எழுந்து போகவும் முடியாது.

"அந்தோணி அண்ணன..." என்றான்.

"எங்க கீறாருன்னும் சொல்லு. ஆண்டவருக்குத் தெரியணுமில்ல."

"ஜெயில்ல கீற அந்தோணி அண்ணன..." என்று நிறுத்திவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

ஊரே அடிபட்டு அழுதுகொண்டிருந்த அன்று, நான் ஆண்டவருக்கு மனதார நன்றி சொன்னேன். ஊரடங்குக்கு நன்றி, லத்திக்கு நன்றி, அவனை வேறு வாசலுக்கு அனுப்பாமல் எங்கள் வாசலுக்கு விரட்டியதற்கு நன்றி. அத்தனை உருக்கமாக நான் வேண்டிய கிறிஸ்துமஸ் வேறில்லை. பாவமன்னிப்புக் கேட்கப் போனபோதும் சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை, மன்னித்துவிடுவாரோ என்ற பயம்தான்.

அப்பா விடுதலையாகி வந்து, "போனா போவுது, அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்று லூர்துவோடு பீடி பிடித்தார். அம்மாவும் அவனோடு பேசினாள். நான் பேசவில்லை.

எங்கள் வீட்டுச் சந்து இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அப்பா, அம்மா, லூர்து மூன்று பேரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். லூர்துவின் சிலுவை உளுத்து விழுந்து வெகுகாலம் ஆகிறது. இடம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். போன கல்லறைத் திருநாளில் அவன் பேரன் கையில் மெழுகுவத்தியோடு வந்து, "தாத்தாவ எங்க பொதச்சாங்கன்னு தெரியுமா ஆயா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.