ஈப்போவில் கேட்ட எங்கள் சாவுப் பாட்டு

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக டேப் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டு, "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பதிவாகிறதா எனப் பார்த்தேன். சூசை அண்ணன் சொன்ன வேலை. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில், நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பேண்டு குழு வைத்திருப்பவர். ஈப்போவில் நடக்கும் கச்சேரிக்கு இருவரும் சேர்ந்து போவதாக இருந்தது. முந்தின நாள் தோட்டத்தில் ஒருவர் இறந்துவிடவே, அவருக்கு ஊதப் போக வேண்டுமென்று, லூமுட்டில் நான் வேலை செய்யும் பள்ளிக்கு அண்ணன் போன் செய்தார்.

"நீ போய் டேப்புல பிடிச்சிட்டு வா டீச்சர். இருபது வருஷமா அவரு பாட்டைத்தான் ஊதுறோம். சரியா ஊதுறோமான்னு தெரியணும்லா."

அவர் என்பது ஒரு ஜெர்மன் ஜாஸ் கிளாரினெட் கலைஞர். சொந்த ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன ரெக்கார்டு பிளேயரோடு அவருடைய சின்ன இசைத்தட்டும் அண்ணனுக்குக் கிடைத்தது. அதிலிருந்த மெதுவான மெட்டைக் கேட்டே கற்று, தோட்டத்தில் யார் இறந்தாலும் ஊதுவார். என் அப்பாவைத் தூக்கிப் போனதும் அந்த மெட்டோடுதான். உறையிலிருந்த ஜெர்மன்காரர் படம், அண்ணன் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே சட்டம் போட்டுத் தொங்குகிறது.

லூமுட்டிலிருந்து பத்தரை மணி பஸ், டிக்கெட் நாலு வெள்ளி. எண்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஈப்போ சேர இரண்டே கால் மணி நேரம். மண்டபத்துக்கு டாக்சி இரண்டு வெள்ளி (பேரம் பேசினால் ஒன்றரை). யாருடைய கச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஓட்டுநர் திரும்பினார். "நம்ம சாவுப் பாட்டு வெள்ளைக்காரரா? இன்னும் உயிரோடவா இருக்காரு, அக்கா?" அவரும் சுங்கை சிப்புட்காரர்.

மூன்று மணிக்குக் கச்சேரி தொடங்கும்போது உட்கார இடமில்லை. மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். கடற்படை பேண்டுக்காரர்கள் முன்வரிசையில் ஜெர்மன்காரர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குள்ளமான, குண்டு மனிதர். மூச்சு எங்கே வாங்குகிறார் என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு, "என் தங்கை கல்யாணத்தில் எல்லோரும் ஆட எழுதியது" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொடங்கினார். எங்கள் மெட்டு! ஆனால் துள்ளி ஓடியது. மண்டபமே கைதட்டித் தாளம் போட்டது. எனக்குக் கை எழவில்லை. அண்ணன் வீட்டுப் பிளேயரில் வேகத்தை மாற்றும் குமிழ் எப்போதோ உடைந்தது. சின்னத் தட்டும் பெரிய தட்டின் மெதுவான வேகத்தில்தான் சுற்றும். கல்யாண ஆட்டப் பாட்டை இழுத்து இழுத்து, இத்தனை பேரை வழியனுப்பியிருக்கிறோம்.

ஐந்தரை மணிக்கு சுங்கை சிப்புட் பஸ். ஒரு வெள்ளி முப்பது காசு, முக்கால் மணி நேரம். ஜெலாப்பாங் தாண்டும்வரை, பதிவாகவில்லை என்று சொல்லிவிடலாமா என்றே யோசித்தேன். அண்ணனுக்கு அந்தப் பாட்டுதான் பெருமை.

அப்படிச் சொல்லவில்லை, அண்ணன் வீட்டில் போட்டுக் காட்டினேன். இறுதி ஊர்வலச் சீருடையைக்கூடக் கழற்றாமல் இரண்டு முறை கேட்டார். டிரம் அடிக்கும் முனியாண்டிதான் முதலில் வாய் திறந்தார்: "என்னண்ணே, எல்லாரையும் ஆட விடாமலே அனுப்பிட்டீங்களே!"

"சும்மா இரு மச்சான்." அண்ணன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "வேகமா ஊதினா ஆட வைக்குது. மெதுவா ஊதினா அழ வைக்குது. பெரிய ஆளுலா அவரு." கிளாரினெட்டை எடுத்து அந்த வேகத்தில் முயன்றார். நாலாவது வரியில் விரல் சிக்கிச் சிரித்துவிட்டார்.

இப்படிக் கச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மாற்று பேட்டரி இருக்கட்டும். கேசட்டை அண்ணனிடமே விட்டுவந்தேன், பழகட்டும் என்று. அதற்கு ஒரு காரணம் உண்டு. என்னைத் தூக்கும் அன்று ஜெர்மன்காரரின் வேகத்திலேயே ஊத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. தூக்குகிறவர்கள் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கும்.