முதல் நூறு மைல்

எண்பத்தொன்பதில் நான் மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு கராஜில் வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏ.எல். சோதனை பாஸாகியும் பல்கலைக்கழகக் கெம்பஸ் மூடிக் கிடந்ததால் ஸ்பேனர் பிடித்தேன். இங்கிலீஷ் மெனுவல் வாசிப்பேன் என்பதால், கராஜ்காரரான பாஸ் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை என்னிடமே விட்டிருந்தார்.

ஒரு நாள் காலை இரண்டு பேர் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிவில் உடுப்பு, இடுப்பில் துப்பாக்கி. அரசாங்கத்து ஆட்களா, கிளர்ச்சிக்காரர்களா என்று அந்த வருஷம் யாரும் யாரையும் கேட்பதில்லை. பெற்றோலில் எண்ணெய் போதாமல் விரட்டியதால் எஞ்சின் இறுகிப்போயிருந்தது.

"பின்னேரம் இதுல பல்லேகமவுக்குப் போகணும்," என்றான் தொப்பி போட்டவன். அவர்களோடு பேசியதெல்லாம் சிங்களத்தில்தான்.

"ரெண்டு நாளாகும் மாத்தயா," என்றார் பாஸ்.

மற்றவன் சிரித்தான். பாஸின் இடது கையைப் பிடித்து, வேலை மேசையில் பூட்டியிருந்த, இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸின் வாய்க்குள் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். பாஸ் அலறினார். இன்னொரு சுற்று. விரல் முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப எத்தன நாளாகும்?"

"பின்னேரம் தர்றோம் மாத்தயா," என்று நான் சொன்னேன்.

"அதுவரைக்கும் கை அங்கயே இருக்கட்டும். ஓடிப்போயிரும்ல," என்றான் தொப்பிக்காரன்.

சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டன் உருகிச் சுவரில் அப்பியிருந்தது. வழக்கமாக சிலிண்டரை வைஸில் கடித்துவைத்துத்தான் உள்சுவரைக் கல்லால் தேய்த்து ஹோன் பண்ணுவோம். வைஸில் பாஸின் கை இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, சிலிண்டரை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டேன். கை டிரில்லின் முனையில் மூன்று கற்கள் பூட்டிய ஹோன். மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிச் சுற்றினேன். ஏற்றி இறக்கும் வேகம் சரியாக இருந்தால் சுவரில் கோழிவலை மாதிரிக் குறுக்குக் கோடுகள் விழும். என் தொடையில் சாம்பல் நிறச் சேறு வழிந்தது. மேசையிலிருந்து பாஸின் ரத்தம் சொட்டு சொட்டாக விழுந்தது.

அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். மறைக்கவும் இல்லை.

"தையல்காரன் வீட்டுல இருப்பானா?"

"இருட்டுறதுக்குள்ள போனா இருப்பான். அதுக்குப் பிறகு காட்டுக்குள்ள போய்ப் படுக்கிறானாம்."

எனக்கு அந்த ஆளைத் தெரியும். அதற்கு முந்தின வருஷம்வரை எங்கள் கராஜுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர். நான் ஏ.எல். எழுதப் போட்டுக்கொண்டு போன காற்சட்டை அவர் தைத்தது. பயத்தில்தான் பல்லேகமவுக்குப் போனார்.

பாஸுக்கும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் ஜெபமாலை சொல்லும் ராகத்தில் தமிழில் ஆரம்பித்தார். "அருள் நிறைந்த மாதாவே, பையன் வேலைய நல்லாச் செய்யட்டும். மெதுவாப் போகச் சொல்லாம இருக்கட்டும். அவனுங்க விரட்டிக்கிட்டுப் போகட்டும். மலையில இறுகட்டும், மாதாவே."

"கும்பிடு, கும்பிடு. மாதா வந்து வைஸக் கழட்டுவா," என்று தொப்பிக்காரன் சிரித்தான்.

எனக்குப் புரிந்தது. புதிதாக ஹோன் பண்ணிய சிலிண்டரில் முதல் நூறு மைலும் மெல்லப் போக வேண்டும், இடையில் நிறுத்தி ஆறவிட வேண்டும். பல்லேகமவுக்குப் போகும் மலைப் பாதையில் விரட்டினால் பாதியிலேயே மறுபடி இறுகிவிடும். வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சிலிண்டரைச் சவர்க்காரம் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினேன். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவினேன். அதன் சுவரிலிருந்த துளைகளின் விளிம்பை அரத்தால் மழுக்கி, தட்டிலிருந்த புது பிஸ்டனைப் போட்டேன். மூன்று மணிக்கு இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அவ்வளவு சுத்தமான சத்தம் அதற்குமுன் என் கையால் வந்ததில்லை.

மற்றவன் வைஸைத் தளர்த்தினான். பாஸ் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். தொப்பிக்காரன் ஏறி உட்கார்ந்து எக்ஸிலேட்டரை முறுக்கினான். புதுச் சுவரில் பிஸ்டன் கதறியது.

"அப்படி முறுக்காதீங்க மாத்தயா," என்றேன். "முதல் நூறு மைல் மெதுவாப் போங்க. மலை ஏறினதும் நிறுத்தி ஆறவிடுங்க. இல்லாட்டி திரும்ப இறுகிரும்."

பழக்கம். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறியது.

"படிச்ச பையன்," என்று என் கன்னத்தில் தட்டிவிட்டு, மெதுவாகவே போனான்.

பாஸ் தரையிலிருந்தபடி கேட்டார். "நான் அவ்வளவு நேரமா என்னடா கும்பிட்டேன்?"

அவர் நல்ல கையால் பக்கத்திலிருந்த ஸ்பேனரை எடுத்து என்மேல் எறிந்தார். நெற்றி கிழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் பல்லேகம பஸ்ஸின் கண்டக்டர் கராஜுக்கு வந்தார். தையல்காரரின் பிணத்தைப் பாலத்தடியில் கண்டதாகச் சொன்னார். கைகள் பின்னால் கட்டியிருந்ததாம்.

"முந்தாநாள் பின்னேரம் துப்பாக்கியோட ரெண்டு பேர மலை உச்சியில கண்டேன் தம்பி. மோட்டார் சைக்கிள நிழல்ல போட்டுட்டு சிகரெட் குடிச்சிக்கிட்டு நின்னானுங்க. என்ன ரிப்பேரான்னு கேட்டேன். இல்ல, எஞ்சின் ஆறணும்னானுங்க."