பீரோவுக்குப் பதில் இரண்டு பெட்டி

என் மனைவியின் தங்கை பேஸ் கிட்டார் வாசிப்பவள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாற்பதைத் தாண்டிய பிறகும் அது மாறவில்லை. பகலில் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறாள். சாயங்காலம் நிகழ்ச்சி இருந்தால் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணம், ஹோட்டல் விருந்து, கம்பெனி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும் ஐந்து பேர் குழு. அதில் இவள் ஒருத்திதான் பெண்.

பேஸ் கிட்டார் என்றால் பலருக்குத் தெரியாது. நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று நடந்துகொண்டே இருக்கும். கேட்கிறவர்கள் பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிப்பவரைப் பார்ப்பார்கள். பேஸ்காரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவன் காலை ஆட்டி வைப்பது அவள்தான். இதை அவள் வாயால் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

எனக்கு வெல்டிங் பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. தங்கச்சியின் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கத்தான் கடவுள் எனக்கு இந்தத் தோளைக் கொடுத்தான் என்பது என் மனைவியின் கட்சி. அந்தப் பெட்டிக்குள் எட்டு ஸ்பீக்கர், என் நெஞ்சு உயரம். நாங்கள் அதைப் பீரோ என்போம். பூட்டு மட்டும்தான் இல்லை. அதற்கு மேல் உட்கார ஓர் ஆம்ப்ளிஃபயர், அது தனி கனம். வாங்கின காலத்தில் அவளுக்கு உடம்பில் தெம்பு இருந்தது, எனக்கும் இருந்தது.

போன வருஷம் நான் வேலையாக வெளியே போயிருந்த ஒரு நாள், பீரோவை அவள் தனியாகப் படியில் இழுத்திருக்கிறாள். முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார். தூக்கிக் கொடுக்க ஆள் உண்டு, நான் இருக்கிறேன், டிரம்மர் இருக்கிறார். ஆனால் ஆள் வரட்டும் என்று வாசலில் கைகட்டி நிற்பது இவள் சுபாவத்தில் கிடையாது. வீட்டில் பழகும் சின்ன ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். அதன் சத்தம் அவள் முழங்காலைத் தாண்டவில்லை.

குழுவை நடத்துகிறவர் கீபோர்டுக்காரர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் அவரைத் தலைவர் என்று கூப்பிடுவார்கள். மோசமான ஆள் இல்லை, ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. பேஸ் கேட்கவில்லை என்றதும் அந்தக் கீழ்ச் சுரங்களைக் கீபோர்டில் இடது கையாலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நாளில் அது வழக்கமாகிவிட்டது. பிறகு ஒரு நாள் ஒத்திகை முடிந்து எல்லார் முன்னாலும் சொன்னார்:

"அடுத்தது கம்பெனி விழா, பெரிய ஹால். ஹால் முழுக்க உன் சத்தம் நின்னா நீ இருக்கே. இல்லேன்னா என் இடது கை போதும். அஞ்சு பேர் நாலு பேராயிடுவோம். மனசுல வச்சுக்காதே."

அவள் மனசில் வைத்துக்கொண்டாள். வீட்டில் அக்காக்காரி விட்டுத் தொலையேன் என்றாள். இத்தனை வருஷம் வாசித்தது போதாதா, முதுகைக் காப்பாற்று என்றாள். சின்னவள் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "முதுகுதான் போச்சுக்கா. விரல் போகலையே" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டி பார்க்க இசைக்கருவிக் கடைக்குப் போனோம். பெட்டி வாங்கப் போகும்போது இவள் ஒரு காரியம் செய்வாள், வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. டிரம்மரைக் கூட்டிக்கொண்டு போவாள். டிரம்மர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனுஷர், கனத்த உடம்பு, கனத்த கை. அவர் உள்ளே நுழைந்ததும் கடைக்காரருக்கு முகம் சுருங்கியது.

பொதுவாக வாங்க வருகிறவன் தனியாக வாசிப்பான். பேஸ் திருகியை முழுக்கத் திருப்பிவைத்து, கண்ணை மூடி, ஆகா என்பான், வாங்கிக்கொண்டு போவான். கடைக்காரர் இவளுக்கும் அப்படித்தான் வைத்துக் கொடுத்தார். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த பெரிய பெட்டி. அவள் ஒரு சுரம் தட்டினாள். என் கால்சட்டை ஆடியது, வயிற்றுக்குள் யாரோ பாய் விரித்த மாதிரி இருந்தது. இதையே எடு, வேறு பார்க்காதே என்றேன்.

"அத்தான், கொஞ்சம் பேசாம இருங்க."

டிரம்மரைப் பார்த்தாள். அவர் விற்பனைக்கு வைத்திருந்த டிரம்ஸில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள். கால்சட்டை ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவள் என்ன வாசிக்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. தரைதான் உறுமியது. பிறகு அவள் கீழ்ச் சத்தத்தைக் குறைத்து நடுச் சத்தத்தைக் கூட்டினாள். தனியாகக் கேட்க மூக்கடைத்தவன் பேசுவது போல அசிங்கமாக இருந்தது. டிரம்ஸோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது, எண்ணி எடுக்கலாம். எனக்கு முதலில் கேட்டதுதான் பிடித்தது. இப்போதும் அதுதான் பிடிக்கும். வாங்குவது நானில்லை.

அதன்பிறகு எந்தப் பெட்டியாக இருந்தாலும் முதலில் கை, பிறகுதான் காது. ஒரு கையால் தூக்கிக் கடை வாசல்வரை நடப்பாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை என்றால் வாசிப்பாள். இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் நின்றது, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று வைத்த சின்னப் பெட்டி. அதில் ஒரு ஜோடி கேட்டாள். சின்ன இடத்துக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்றின்மேல் ஒன்று. கைப்பையில் அடங்குகிற ஓர் ஆம்ப்ளிஃபயர். கடைக்காரர் வேறொரு ஜோடியைக் காட்டி, இதுவும் அதே அளவுதான், விலை குறைவு என்றார். அவள் பெட்டியைத் திருப்பிப் பின்னால் எழுதியிருந்த ஓம் கணக்கை, அதாவது மின்தடை அளவைப் பார்த்தாள். அந்த இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் தாங்காது, சூடாகி நின்றுவிடும் என்றாள். அது எனக்குப் புரிந்தது. வெல்டிங் மெஷினிலும் கரண்ட் இழுக்கிற அளவு என்று ஒன்று உண்டு, மீறினால் புகைதான்.

பெட்டிகளைத் தரையில் வைத்தால் சத்தம் காலோடு போய்விடும், ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்றாள். அது என் துறை. இரண்டே நாளில் ஆங்கிள் இரும்பில் அடித்து, சிவப்பு பெயின்ட் பூசிக் கொண்டுபோய் வைத்தேன். யானை ஏறி நிற்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு அத்தான். பெட்டி ரெண்டையும் நான் தூக்கிடுவேன். இந்த ஸ்டாண்டைத் தூக்கத்தான் இனிமே ஆள் தேடணும்."

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து சிரித்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். மறுபடி மெல்லிய அலுமினியக் குழாயில் மடக்குகிற மாதிரி செய்து கொடுத்தேன். சிவப்பு ஸ்டாண்டு இப்போது பட்டறையில் கிரைண்டரைத் தாங்குகிறது.

விழா அன்று மத்தியானமே போய்விட்டோம். நீள ஹால், உயரத்தில் தகரக் கூரை. ஒரு பக்கம் மேஜைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். மேடை, இரும்புச் சட்டத்தின்மேல் பலகை போட்டது, உள்ளே வெற்று. தலைவர் பெட்டிகளைப் பார்த்தார்.

"என்னம்மா, டிபன் கேரியரா?"

டிரம்மர்தான் பதில் சொன்னார். "ஆமா தலைவரே. உங்க இடது கைக்குப் பசிக்கும்னு கொண்டுவந்தோம்."

சின்னவள் சிரிக்கவில்லை. முதலில் பெட்டிகளைப் பலகையிலேயே வைத்தாள். கிட்டாரை என் கழுத்தில் மாட்டினாள். இந்தக் கம்பியை மட்டும், நான் கையைக் காட்டுகிறவரை தட்டிக்கொண்டே இருங்கள் என்றாள். எனக்கு ஒரு சுரமும் தெரியாது, ஆனால் ஒரே கம்பியைத் தட்ட என்ன படிப்பு வேண்டும்? துணி விரிக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முறைத்துக்கொண்டே தட்டினேன். அவள் ஹாலின் கடைசிவரை நடந்தாள், மூலைக்குப் போனாள், சுவரோரம் நின்றாள். பலகை மேடை பெரிய மத்தளம் மாதிரி கூடச் சேர்ந்து உறுமியது. திரும்பி வந்து பெட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, கீழ்ச் சத்தத்தை இன்னும் குறைத்தாள். மறுபடி நடந்தாள். உறுமல் நின்றது.

அடுத்து, என் ஒற்றைக் கம்பிக்குச் சேர்கிற மாதிரி ஏதாவது வாசிக்கும்படி தலைவரிடம் கேட்டாள். அவர் இரண்டு கையாலும் வாசித்தார். கடைசி மேஜைப் பக்கமிருந்து அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இப்போது வலது கை மட்டும் என்றாள். வாசித்தார். அவள் வேகமாக மேடைக்கு வந்தாள்.

"தலைவரே, நீங்களும் நானும் ஒரே இடத்துல நடக்கறோம். ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கறோம். பின்னால நின்னா ரெண்டு பேருமே கேக்கலை, கொழகொழன்னு இருக்கு. வலது கை மட்டும்னா தெளிவா இருக்கு. இடது கையைப் பாக்கெட்ல வைங்க."

"நான் எடுத்தா அடி காலியாயிடும்மா."

"ஆகாது. அங்கதான் நான் இருக்கேன்."

"இருக்கியான்னு பாக்கத்தானே இன்னிக்கு" என்றார். கையை எடுக்கவில்லை.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. நான் கதவோரம் நின்றேன். முதல் இரண்டு பாட்டும் அவள் சொன்ன மாதிரியே கொழகொழ. கம்பெனி ஆட்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒரு கால்கூட ஆடவில்லை. தலைவர் அவள் பக்கம் திரும்பித் திரும்பி, பேஸைக் கூட்டு என்று கட்டைவிரலை மேலே காட்டினார். அவள் திருகியைத் தொடவேயில்லை. இன்னும் ஒரு பாட்டு இப்படிப் போனால் நாலு பேர்தான்.

மூன்றாவது பாட்டு, ஆட வைக்கிற பாட்டு. அதற்கு முன்னால் டிரம்மரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். பாட்டுத் தொடங்கியதும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றாள். தலைவரின் இடது கை தனியாக ஓடியது. தப்பில்லை, சுரமெல்லாம் சரி. ஆனால் டிரம்மரின் கால் ஓரிடத்தில் விழுந்தது, அந்தக் கை வேறிடத்தில் விழுந்தது. பாடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். தலைவர் நெற்றியில் வேர்வை. பல்லவி மறுபடி வருகிற இடத்தில், தலையை அவர் பக்கம் ஒருமுறை ஆட்டிவிட்டு, சின்னவள் உள்ளே வந்தாள்.

தலைவரின் இடது கை எழுந்துவிட்டது. புரிந்து எடுத்தாரா, பயந்து எடுத்தாரா, தெரியாது. எழுந்தது. அந்த நிமிஷம் ஹாலுக்கு அடியில் யாரோ தரை போட்டது மாதிரி இருந்தது. சத்தம் கூடவில்லை. கதவோரம் நின்ற எனக்கு ஒவ்வொரு சுரமும் முழுசாக வந்து சேர்ந்தது. டிரம்மரின் காலும் அவள் விரலும் ஒரே ஆள் மாதிரி விழுந்தன. அதுவரை தட்டைப் பார்த்திருந்த ஓர் அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள், அவள் பின்னால் அந்த மேஜையே எழுந்தது. தலைவரின் இடது கை பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று தடவை கீபோர்டுக்குப் போனது, ஒவ்வொரு தடவையும் அவரே அதை இழுத்துக்கொண்டார். கடைசிப் பாட்டில் அது அவர் மடியில் கிடந்தது.

எல்லாம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தலைவர் வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, அது அவர் வாயில் வராது. பெட்டியின் தலையில் தட்டிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஹோட்டல்ல. ஏழு மணிக்கு வந்துடு."

"அஞ்சுக்கே வர்றேன். வாசிக்கிற ரூமைப் பாக்கணும்."

"அப்ப என் இடது கை?"

"மெதுவான பாட்டுல எடம் இருக்கும். கூப்பிடறேன்."

அவர் தலையாட்டினார். டிரம்மர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். சின்னவள் ஒரு பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். இன்னொன்றை எடுக்கலாம் என்று நான் குனிந்தேன். அதற்குள் திரும்பி வந்து, அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.