வாயில் எண்ணெய், கையில் அப்பாயிண்ட்மென்ட் நோட்டு

பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருபவருக்குப் பல்லைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை; பல் டாக்டரிடம் வராமலிருக்க ஜனங்கள் சொல்லும் காரணங்கள் தெரிந்திருந்தால் போதும். சேலையூரில் ஒரு சின்ன கிளினிக்கில் ஒன்பது வருஷமாக அந்த மேஜை என்னுடையது. உள்ளே டாக்டர் கவிதா, அவருக்கு உதவியாக ரேவதி, வெளியே நான். இப்போதெல்லாம் காரணங்களில் முதலிடம் ஆயில் புல்லிங்குக்குத்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை வாயில் விட்டுக்கொண்டு, இருபது நிமிஷம் கொப்பளித்துத் துப்புவது. நீங்களும் செய்து பார்த்திருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

ம்ம்ம்

ஒரு நாள் காலை கிளினிக்கைத் திறந்ததும் ஃபோன் அடித்தது. எடுத்தால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல்.

"யார் பேசறீங்க?"

"ம்ம், ம்ம்ம்ம்."

"சார், வாயைத் திறக்க முடியலையா?"

"ம்ம்!"

"முகம் வீங்கியிருக்கா?"

இதற்கு வந்த "ம்ம்" கோபமாக இருந்தது. வலி தாங்காமல் துடிக்கிறார் போலிருக்கிறது என்று பதறி, டாக்டருக்கு ஃபோன் போட்டேன். அவர் பாதித் தோசையில் கை கழுவிவிட்டு ஓடி வந்தார். ரேவதி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து அதே நம்பரிலிருந்து ஃபோன். இந்த முறை கணீரென்ற குரல். ராஜகீழ்ப்பாக்கத்து ரிடயர்டு வாத்தியார் ஒருவர். "வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சாயங்காலம் வர்றதா இருந்தேன்ல, அதை கேன்சல் பண்ணத்தான் கூப்பிட்டேன். ஆயில் புல்லிங்லயே சரியாயிடும்போல இருக்கு!"

வாயைத் திற

முருகன் ஆட்டோ ஓட்டுபவர். ஈறில் ரத்தம் வருகிறது என்று வந்தவரை, பல்லை கிளீன் பண்ணிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். "வரேன்" என்று போனவர் ஒரு மாதம் வரவில்லை. சவாரி வந்த யாரோ ஒரு அம்மா ஆயில் புல்லிங்கைப் பற்றி வழிநெடுக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் எண்ணெயை வாயில் விட்டுக்கொண்டுதான் வண்டியையே எடுத்திருக்கிறார்.

ஒரு நாள் வேளச்சேரி ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். லைசென்ஸ் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என்ன கேட்டாலும் பதில் இல்லை, கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது. வாயில் குட்கா என்று அவருக்குச் சந்தேகம். மீதியை முருகனே என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "வாயைத் தொறன்றாரு. தொறந்தா அவரு சட்டை மேல ஊத்திக்கும். இன்னா பண்றது, முழுங்கிட்டேன்க்கா. வயிறு ஒரே பேஜாரா கீது. பல்ல அப்பால பாத்துக்கலாம், வயித்துக்கு நல்ல டாக்டரா ஒருத்தரச் சொல்லு."

கதவருகே ஒரு வேண்டுகோள்

மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவர், மனைவியோடு வந்தார். டாக்டர் அவர் வாயில் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆயில் புல்லிங்கின் மகிமையைப் பேசினார்; எடுத்த பிறகும் பேசினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். "கொப்பளிக்கறதுன்னா கொப்பளிச்சுக்கோங்க சார். ஆனா பிரஷ் பண்றதை விட்டுடாதீங்க. ஓட்டை விழுந்த பல்லை எண்ணெய் அடைக்காது."

ஓட்டையை அடைத்து அனுப்பினோம். அவர் வண்டியை எடுக்கப் போனதும், மனைவி மட்டும் திரும்பி வந்து கதவருகே நின்று மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், காலையில அந்த இருபது நிமிஷம்தான் எங்க வீட்டுல நான் நியூஸ் கேக்கறேன். பல்லுக்கு உதவலன்னாலும் பரவாயில்ல, தயவுசெஞ்சு நிறுத்த மட்டும் சொல்லிடாதீங்க."

இப்படிக்கு

இவ்வளவு பேரைக் கேலி பண்ணுகிறேனே, என் கதையையும் கேளுங்கள். எனக்கே இடது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில் ஐந்து மாதமாக வலி. வருகிறவர்களிடமெல்லாம் "தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லும் எனக்கு ஊசி என்றால் அப்படியொரு பயம். டாக்டர் அறையிலிருந்து மெஷின் சத்தம் வந்தாலே ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். அதனால், டாக்டர் வருவதற்கு முன்னால் கிளினிக் வாஷ்பேசினில் நின்று நானும் கொப்பளிக்க ஆரம்பித்தேன். ரேவதி ஒரு நாள் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டே மாதத்தில் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. வந்த பிளம்பர் குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இது பல் ஆஸ்பத்திரியா, பஜ்ஜிக் கடையா?" என்றார். பேஷண்ட்டுகள்தான் காரணம் என்று டாக்டர் முடிவு பண்ணிவிட்டார். "ஷீலா, உன் கையெழுத்து நல்லா இருக்கும். இங்கே எண்ணெய் துப்பக் கூடாதுன்னு பெருசா ஒரு அட்டையில எழுதி மாட்டு" என்றார். தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ரேவதி பக்கத்தில் வந்து நின்று காதோடு சொன்னாள்: "அக்கா, கீழ 'இப்படிக்கு'ன்னு போட்டு உங்க பேரையும் எழுதிடுங்க."

பதினைந்து அடி

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை என் கன்னம் வீங்கிவிட்டது. லீவு போட்டால் டாக்டர் கேட்பார் என்று துப்பட்டாவால் மூடிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டேன். நாவலூரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, ஞானப்பல் எடுக்க வந்தவள், பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "எறும்பு கடிச்ச மாதிரிதாம்மா இருக்கும்" என்று சமாதானம் சொல்லப்போனேன். துப்பட்டா நழுவிவிட்டது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப நீங்க முதல்ல போங்கக்கா" என்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

எட்டு மாத வலி என்று ஒப்புக்கொண்டேன். எக்ஸ்ரேயில் சொத்தை வேர்வரை போயிருந்தது. வீக்கம் வடிய மாத்திரை, ஐந்து நாள் கழித்துப் பிடுங்கல். ரேவதியின் கையை நசுக்கிக்கொண்டு ஊசியை வாங்கிக்கொண்டேன். நிஜமாகவே எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன், நான் மட்டும் அதை நம்பவில்லை. பல்லைத் தட்டில் பார்த்ததும் அழுகை வந்தது. டாக்டர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா அடைச்சே அனுப்பியிருப்பேன். உன் மேஜையிலிருந்து இந்த நாற்காலிக்குப் பதினஞ்சு அடிதானே ஷீலா?"

நல்லெண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன், அது தோசையை முறுகவைக்கத் தெரிந்த எண்ணெய். பல் டாக்டரிடம் போகப் பயப்படுகிறவளை நாற்காலியில் உட்காரவைக்க அதற்கு எப்படித் தெரியும்?