சின்னதொரை இறகு பிடுங்கிய காலம்

தேத்தண்ணிக் கோப்பையில் ஒரு சிறு பச்சை இறகு மிதந்தது. அதுதான் ஆரம்பம். நான் அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடித்தேன். கிளி இருக்கிற வீட்டில் இறகு விழத்தானே செய்யும்.

பிறகு கூண்டுக்கு அடியில் இறகுகள் குவிய ஆரம்பித்தன. ஒரு காலை தட்டைக் கழுவும்போதுதான் கவனித்தேன். கிளியின் மார்பில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. இறகு உரித்த கோழியின் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. நான் பார்க்கும்போதே குனிந்து இன்னொரு இறகைப் பற்றி இழுத்தது. வலித்திருக்க வேண்டும், கீச்சென்று கத்தியது. கத்திவிட்டு அடுத்ததைப் பிடித்தது.

கிளி என்னுடையதில்லை, என் மனைவி புஷ்பராணியுடையது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சாக வந்ததை அவள்தான் மடியில் வைத்து ஊட்டி வளர்த்தாள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டின் கூரைச் சட்டத்தில் அங்குமிங்கும் நடந்து, கீழே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். டயகமவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி நடந்து பார்க்கிறவர் உதவி மேனேஜர்தான். அவரைச் சின்னதொரை என்போம். அந்தப் பெயரையே அவள் கிளிக்கும் வைத்தாள். எனக்கும் சின்னதொரைக்கும் ஆகாது. என் விரலைக் கண்டால் போதும், கடித்துவிடும்.

பாதியில் நின்ற எங்கள் சொந்த வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும் என்று அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வேன் வந்து நின்ற பிறகும் உள்ளே போய்க் கூண்டைத் தொட்டுவிட்டு வந்தாள்.

"ஏங்க, நான் வர்ற வரைக்கும் சின்னதொரைய உசுரோட வச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

அவள் போன பிறகும் காலையில் அவளுடைய குரலிலேயே, "ஏங்க, தேத்தண்ணி ஆறுது" என்று அது கூப்பிடும். நான் சில நாள் பதில் சொல்லியிருக்கிறேன். இறகு பிடுங்க ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு நின்றது. வீட்டில் அவள் இரண்டாம் தடவை இல்லாமல் போனது போல இருந்தது.

இதே கஷ்டத்தில் இருக்கிறவர்கள் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். கைப்பிள்ளைக்குத் தோல் வெடித்தால் நாங்கள் மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசுவோம். அதையே கிளிக்கும் பூசினேன். குளிருமே என்று கூண்டைத் தூக்கி அடுப்புக்கு மேலே மாட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்ல யோசனை என்றார்கள். சின்னதொரை மஞ்சள் பூசிய கல்யாணப் பெண் போலப் புகைக்குள் உட்கார்ந்து, முன்பைவிட வேகமாகப் பிடுங்கியது.

பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் வைத்து, இரண்டு பஸ் ஏறி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண்மணி. எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால் அவர் திட்டியது முழுவதும் புரிந்தது.

"எண்ணெய் பட்ட இறகு குளிரைத் தாங்காது. இந்த மலையில் நனைந்த சட்டையோடு நிற்க வைத்திருக்கிறீர்கள். புகை வேறு. அதற்கு நெஞ்சு இவ்வளவுதான் இருக்கிறது."

இறகை விரித்துப் பேன் (இறகுக்குள் ஒட்டி வாழும் சிறு பூச்சி) இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிடுங்கிய இடத்தில் புண் பழுக்காமலிருக்க மருந்து தந்தார். சோறும் பிஸ்கட்டும் மட்டும் போடாமல் கீரை, பழம் கொடுக்கச் சொன்னார். புகையில்லாத, வெளிச்சமான இடத்தில் கூண்டை வைக்க வேண்டும், கொறிக்கக் கொய்யாக் கம்பு போட வேண்டும். மருந்தடித்த தேயிலைக் குச்சியைக் கொடுக்கவே கூடாது. கழுத்துக் காப்பு (அலகு உடம்பைத் தொடாமல் கழுத்தைச் சுற்றிப் போடும் வட்டத் தட்டு) போட்டால் நின்றுவிடுமா என்று கேட்டேன்.

"பிடுங்குவது நிற்கும். பிடுங்க வைப்பது நிற்காது" என்றார். "எப்போது பிடுங்குகிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள்."

எங்கள் வீட்டில் வெளிச்சமான இடம் ஒன்றுதான், ஜன்னலோரம். கூண்டை அங்கே மாற்றினோம். தோல் ஆறியது. பிறகு திடீரென்று மோசமானது. மார்பு முழுவதும் போய், இறக்கையின் உட்பக்கமும் வெறுமையானது. ஒரு நாள் இரத்தமும் வந்தது. முளை இறகு (உறைக்குள் சுருண்டு, இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் இளம் இறகு) பிடுங்கப்பட்டால் அப்படித்தான் வருமாம். மாவை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். அன்று என் கையை அது கடிக்கவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை. செத்துவிடும் என்றே நினைத்தேன். புஷ்பராணிக்கு என்ன பதில் சொல்வேன்?

அவளுக்கு எதுவும் தெரியாது. வீடியோவில் சின்னதொரையைக் காட்டச் சொல்வாள். கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. அதனால் உடம்பு எந்தக் கதியில் இருந்தாலும் தலை மட்டும் பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும். போனைக் கிட்டே பிடித்துத் தலையை மட்டும் காட்டுவேன். "நல்லா கொழுத்துட்டாரு தொர" என்று சிரிப்பாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது எங்கள் மகள் நிரோஷினி. உயர்தரப் பரீட்சைக்கு வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபடி கூண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா பேசினதுக்குப் பெறகுதான் பிடுங்குது."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா குரலைக் கேட்டால் கிளிக்குச் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

எங்கள் லயத்தில் போன் பேசுவது தனி ஆளின் காரியமில்லை. சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம் மட்டும். போனை அங்கே சாத்திவைத்து, சத்தத்தைக் கூட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார, எல்லோருமாகக் கத்திப் பேசுவோம். அவள் அனுப்பும் குரல் பதிவுகளையும் அங்கேயே திரும்பத் திரும்பப் போடுவேன். கிளிக்கு ஆறுதலாக இருக்கும் என்று மகளிடம் சொல்வேன். எனக்கும்தான் ஆறுதல்.

அன்று ஒரு பதிவைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தோம். "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்ற குரல் வந்ததும் சின்னதொரை துள்ளி எழுந்தது. கம்பியில் ஓடி, கூண்டு வாசலில் முகத்தை வைத்தது. பதிவு முடிந்தது. அது கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, சிக்னல் போகும்போதெல்லாம் நான் கத்துகிற அதே சொல்லை, என் குரலிலேயே சொன்னது. "கேக்குதா?" கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "கேக்குதா?"

யாரும் வரவில்லை. குனிந்து பிடுங்கியது.

நிரோஷினி அழுதாள். எனக்கும் இறகு இருந்திருந்தால் என் மார்பும் அப்படித்தான் இருந்திருக்கும்.

டாக்டரிடம் சொன்னேன். தன் ஜோடி என்று நினைத்தவர் குரல் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் சில கிளிகள் தாங்காது என்றார். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவள் குரல் நின்றது. பேச வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏறிப் போவேன். பனி இறங்கும், கை மரத்துப்போகும். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகு இருக்கும் மௌனம்தான் பெரிய பாடு. சும்மா இருக்கும்போது அந்தக் குரல் பதிவை ஒரு தரம் போட்டால் என்ன என்று விரல் போகும். ஜன்னலைப் பார்ப்பேன். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். கிளிக்காகப் பத்தியம் இருந்தேன் என்று வையுங்கள்.

பதிலுக்கு நான் பேசினேன். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது, மழை, மகளின் படிப்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அதனிடம் சொன்னேன். கொய்யாக் கம்பை என் கையிலிருந்தே வாங்கிக் கொறிக்க ஆரம்பித்தது. மெல்ல மெல்ல இறக்கையில் முளை இறகுகள் வந்தன. உறை உதிர்ந்து பச்சை விரிவதைப் பார்க்க வேலை முடிந்து ஓடி வருவேன்.

மார்பில் மட்டும் வரவில்லை. பலமுறை பிடுங்கியதில் இறகுப்பை (இறகு முளைக்கும் தோல் குழி) கெட்டுப்போய்விட்டதாம், இனி அங்கே முளைக்காதாம். "உயிருக்கு ஆபத்தில்லை, குளிர்தான் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

நிரோஷினி காதில் மாட்டும் வயர் ஒன்றை வாங்கித் தந்தாள். அதனால் ஜன்னலோரம் நின்று அவள் அம்மா பேசுவதை நான் மட்டும் கேட்க முடிந்தது. அன்றும் புஷ்பராணி தொரையைக் காட்டச் சொன்னாள். தலையைக் காட்டினேன். பிறகு என்ன தோன்றியதோ, போனைக் கீழே, அதன் மார்புக்கு நேராக இறக்கினேன்.

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீ போன பெறகு அதுவா பிடுங்கிக்கிச்சி" என்றேன். "இப்ப நிறுத்திருச்சி. நெஞ்சுல மட்டும் இனி வராதாம்."

அவள் முகம் திரையிலிருந்து விலகியது. அவளும் போனைக் கீழே இறக்கினாள். சட்டையின் நீளக் கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து, காய்ந்து, வேறு நிறமாகியிருந்தது.

"எண்ணெச் சட்டி கவுந்துருச்சிங்க. ஆறிருச்சி. ஒங்களுக்கு மூஞ்சத்தானே காட்டுறேன், தெரியாம போகட்டும்னு விட்டுட்டேன்."

எப்போது என்று கேட்டேன். நம் ஊரில் போன மழைக்காலத்தில் என்றாள். அப்போதெல்லாம் தினமும் பேசியிருக்கிறோம், சிரித்திருக்கிறோம்.

அவள் வர இன்னும் காலம் இருக்கிறது. நான் மாதங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். இறக்கையில் ஒரு இறகு முளைத்து, விரிந்து, தானாக உதிர்ந்து, அந்த இடத்தில் அடுத்தது வர எவ்வளவு நாளாகும் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு போதும். குளிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் நெஞ்சில் பட்டால் சின்னதொரை ஞாபகம் வருகிறது. கையில் பட்டால் அவள் ஞாபகம்.

இறகு இருந்த காலத்தில் தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. அந்த வெற்றுத் தோலுக்கு அடியில் அதன் நெஞ்சு அடிப்பதைப் பார்க்கலாம், படபடவென்று. நேற்று புஷ்பராணி அதைக் கவனித்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட புடிங்க. பேச வேணாம். பாத்துக்கிட்டு இருக்கேன்."

கை கடுக்கும் வரை நான் போனை அங்கேயே பிடித்திருந்தேன்.