நாக்கு எழும்பிய மதியம்

1. போன்

அன்று மதியம் முனியாண்டி அண்ணனுக்குப் போன் செய்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்கு விளங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில் நான் நர்ஸ். நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸி, டாக்டர் பவானிக்கு மட்டும் ரோஸ். இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டு போனவர்களை அன்றைக்கே ஒருமுறை போனில் விசாரிப்பது என் வேலைகளில் ஒன்று. வலி இருக்கிறதா, ரத்தம் நின்றதா, ஐஸ் வைத்தீர்களா என்று கேட்டால் பேச்சு முடிந்துவிடும்.

முனியாண்டி அண்ணன் டெங்கிலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதற்கு முன்பு கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி. கீழ்வரிசையில் பல்லே கிடையாது. பல் செட் ஈறில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஒருநாள் வேனில் பிள்ளைகளை அதட்டும்போது செட் தெறித்து மடியில் விழ, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மறுவாரமே எங்களிடம் வந்துவிட்டார். கீழ்த்தாடை எலும்பின் முன்பக்கம் திருகாணி போன்ற இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து, எலும்போடு அவை ஒட்டிய பிறகு செட்டைப் பட்டன் போல அதன்மேல் மாட்டுவது என்று முடிவானது. பள்ளி விடுமுறையில் ஆபரேஷன் வைத்துக்கொண்டார்.

காலையில் எல்லாம் சுமுகமாக முடிந்தது. தையல் போட்டு, கடித்துக்கொள்ளப் பஞ்சுத்துணி கொடுத்து, மனைவி லெட்சுமி அக்காவையும் உட்காரவைத்து வழக்கமான விளக்கத்தைச் சொன்னேன். இன்றைக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, சிகரெட் கூடவே கூடாது, ஆறின கஞ்சிதான். "வீக்கம் வரும் அக்கா. பயப்படாதீங்க, ரெண்டு மூணு நாள்ல வத்திடும்."

மதியம் போன் செய்தேன்.

"அண்ணே, மிஸ்ஸி பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"ஓ... ஏ... ஆ, இஸ்ஸி."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மரத்துப்போகிற ஊசி இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டு வைத்தேன்.

"உதடு இன்னும் மரத்திருக்கா அண்ணே?"

"இல்ல." அந்த ஒரு சொல் மட்டும் ஓரளவு தெளிவாக வந்தது.

என் சிரிப்பு நின்றுவிட்டது. உதட்டுக்கு உணர்வு திரும்பிவிட்டதென்றால் பேச்சு ஏன் குழறுகிறது?

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"நாக்கு தடிச்ச மாதிரி இருக்காம் மிஸ்ஸி. வீக்கம் வரும்னு நீங்கதான சொன்னீங்க? கொஞ்ச நேரம் படுங்கன்னு தலகாணி போட்டு வெச்சிருக்கேன்."

"படுக்க விடாதீங்க அக்கா! நேரா உக்கார வைங்க. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. நாக்குக்கு அடியில என்ன தெரியுது?"

அக்காவின் குரல் உடைந்து வந்தது.

"ஐயோ மிஸ்ஸி... கத்திரிக்கா மாதிரி ஊதா கலர்ல பளபளன்னு உப்பிக்கிட்டு இருக்கு. நாக்கு மேல போய் அண்ணத்துல ஒட்டிக்கிச்சு."

"எச்சில் முழுங்க முடியுதா?"

"வழியுது. துண்டெல்லாம் நனைஞ்சிருச்சு."

2. டெங்கில் ரோட்டில்

டாக்டர் வேறொருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் தட்டாமலே உள்ளே போனேன்.

"டாக்டர், காலையில செஞ்ச முனியாண்டி அண்ணன். நாக்கு தூக்கிக்கிச்சு. அடியில ரத்தம் கட்டியிருக்கு."

அவர் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்த வேகத்தை இன்றும் மறக்கவில்லை. இதைப் படிக்கிற இளம் நர்ஸ்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடையின் உட்பக்கம், நாக்குக்குக் கீழே, சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. டிரில் எலும்பின் உள்சுவரை லேசாகத் தாண்டினாலும் அதில் ஒன்று அறுந்துபோகலாம். ரத்தம் வாய்க்குள் கொட்டினால் உடனே தெரிந்துவிடும். உள்ளுக்குள்ளேயே கட்டினால் கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாது. கட்டுகிற ரத்தம் நாக்கை மேலும் பின்னும் தள்ளும். கடைசியில் மூச்சு போகிற வழி அடைபடும்.

கிளினிக் போனில் 999-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, ஒன்று திரும்பியதும் அனுப்புகிறோம் என்றார்கள். டாக்டர் என் கைபேசியை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பக்கத்து வீட்ல கார் இருக்கா?"

"காக் சைத்தோன் இருக்காங்க டாக்டர்."

"கூப்பிடுங்க. காத்திருக்க வேணாம்."

காக் சைத்தோன் பக்கத்து வீட்டு மலாய் அம்மா. கைலியோடு ஓடி வந்து காரை எடுத்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன். அண்ணன் பின்சீட்டில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லச் சொல்ல அக்கா செய்தார்: சுத்தமான துணியை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து ஒரு கையால் கீழே அழுத்த வேண்டும், இன்னொரு கையால் தாடைக்குக் கீழிருந்து மேலே அழுத்த வேண்டும்.

"அவருக்கு வலிக்குது டாக்டர்!"

"வலிக்கட்டும் அக்கா. கையை எடுக்காதீங்க."

டாக்டர் அடுத்த அறைக்குப் போய் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியைக் கூப்பிட்டு, என்ன கேஸ், என்ன தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் லைனில் நான் மட்டும். அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. முதலில் குறட்டை மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கீச்சொலி. நடுவில் காக் சைத்தோன் ஹார்ன் அடித்துக்கொண்டே மலாயில் யாரையோ திட்டினார்.

"என்ன ஆச்சு அக்கா?"

"ஜாம் மிஸ்ஸி. லோரி ஒண்ணு குறுக்க நிக்குது. இவரு கண்ணை மூடறாரு. என்னங்க! இங்க பாருங்க!"

"அவரைப் பேச வைக்காதீங்க. உங்க முழங்கையைப் பிடிச்சு அமுக்கச் சொல்லுங்க. அமுக்கறாரா?"

"அமுக்கறாரு."

"விட்டுட்டா உடனே சொல்லுங்க."

விட்டுவிட்டால் நான் என்ன செய்திருக்க முடியும்? ஒன்றும் முடியாது. கார் மீண்டும் நகர்ந்தது. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று அக்கா கத்துவதும், தள்ளுவண்டிச் சக்கரச் சத்தமும் கேட்டன. லைன் அறுந்தது.

3. ஐசியு வாசலில்

மற்ற அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செய்துவிட்டு டாக்டரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அண்ணனுக்கு வாய் வழியாக மூச்சுக்கான குழாய் போட முடியாத நிலை. கழுத்தில் துளையிடவும் ஒரு குழு தயாராக நிற்க, மயக்க மருந்து டாக்டர் கேமராவை வைத்து மூக்கு வழியாகக் குழாயை இறக்கியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் ஐசியுவில் இருந்தார். வெளியே லெட்சுமி அக்கா. அவர் விரல்களில் அண்ணனின் ஈறு பதிந்த தடம் சிவந்திருந்தது.

டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, டிரில் எலும்போட உள்பக்கத்தைத் தாண்டியிருக்கணும். அதுலதான் ரத்தக்குழாய் அறுந்திருக்கு. என் கையால நடந்தது. உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

அக்கா டாக்டரைப் பார்க்கவேயில்லை. "இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. மொதல்ல அவரு மூச்சு விடட்டும்."

டாக்டர் தினமும் போனார். அக்கா ஒருநாளும் அவரை உட்காரச் சொல்லவில்லை. வீக்கம் மெல்ல வடிந்து, குழாயை எடுத்து, வார்டுக்கு மாற்றிய அன்று நானும் கூடப் போயிருந்தேன். அண்ணனின் கழுத்திலிருந்து நெஞ்சு வரை ஊதாவும் பச்சையுமாகக் கன்றியிருந்தது. கரகரத்த குரலில் என்னிடம் முதலில் கேட்டது, "பள்ளிக்கூடம் தொறந்திருச்சா மிஸ்ஸி? வேனை யாரு ஓட்டறா?"

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுது முடித்ததும் டாக்டரை நேராகப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு டாக்டர். ஆனா நீங்க ஓடி ஒளியல. அடுத்த ஆளுக்கு டிரில் வைக்கறதுக்கு முன்னாடி எங்களை நெனச்சுக்குங்க."

அதன்பிறகு முழு ஸ்கேன் எடுத்து எலும்பின் உள்வளைவைப் பார்க்காமல் டாக்டர் பவானி யாருடைய கீழ்த்தாடையிலும் டிரில் வைத்ததில்லை.

4. மீண்டும் நாற்காலியில்

ஸ்கேனில் இரண்டு இம்ப்ளாண்ட்டும் உறுதியாகத்தான் இருந்தன. அண்ணனோ, "ரெண்டையும் கழட்டிடுங்க, எனக்கு வேணாம்" என்று பிடிவாதமாக நின்றார். கழற்றுவதென்றால் மறுபடியும் ஈறைக் கிழிக்க வேண்டும். அதைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. பொறுத்துப் பார்ப்போம் என்று ஒருவழியாகச் சம்மதித்தார்.

டாக்டர் வாயைப் பார்க்கிற நேரமெல்லாம் நாற்காலியின் கைப்பிடியை விடமாட்டார். ஆனால் வீட்டில் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை. மென்மையான பிரஷ், மசித்த சாப்பாடு. லோரி ஓட்டிய காலத்திலிருந்து பிடித்த சிகரெட்டை அடியோடு விட்டார். சில மாதம் கழித்து டாக்டர் செட்டை வைத்து அழுத்தியபோது 'டக்' என்று உட்கார்ந்தது. அண்ணன் நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, "பிள்ளைங்கள இனி நல்லா அதட்டலாம்" என்றார்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். வீக்கம் வரும், பயப்படாதீர்கள் என்பதோடு இப்போது நான் நிறுத்துவதில்லை. கன்னம் மெதுவாக வீங்கினால் ஐஸ் வையுங்கள்; நாக்கு மேலே எழும்பினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், குரல் மாறினால், எனக்குப் போன்கூடச் செய்யாமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள் என்கிறேன். போனிலும் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்பதை விட்டுவிட்டேன். மிஸ்ஸிக்கு எதற்குத் தொந்தரவு என்று நம் ஆட்கள் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது, கஞ்சியில் என்ன போட்டார்கள் என்று கேட்டுப் பேசவிடுகிறேன். எனக்குக் கஞ்சியைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.