அவசரக்காரரின் ஐந்து கட்டம்

“மேலிருந்து கீழ், மூணு. ஊசிக்கு உண்டு, ஆனால்…”

“காது!”

கேள்வி முழுசாக வெளியே வருமுன் பதில் வந்து விழுந்துவிட்டது. வாசித்துக்கொண்டிருந்த பேங்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “‘ஆனால் கேட்காது’ன்னு இருக்கு சார். அதையாவது நான் சொல்லி முடிச்சிருக்கலாம்.” மறுபக்கத்துப் படுக்கையில் பேனாவோடு காத்திருந்த தையல்கார அம்மாவுக்குத்தான் உண்மையான வருத்தம். “ஏன் அண்ணே, ஊசி என் தொழில். இதைக்கூட எனக்கு விட்டு வைக்க மாட்டீங்களா?”

“வாய் வரைக்கும் வந்ததை எப்படித் தங்கச்சி முழுங்குறது?” என்று சிரித்தார் அவசரக்காரர்.

அந்தப் பெயரை வைத்தவர் பேங்க்காரர். ஆசாமி பணி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். காலமெல்லாம் மலைப்பாதையில் வண்டி ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியவர். பின்னால் எவன் எத்தனை ஹாரன் அடித்தாலும் அசையமாட்டார் என்று பெயரெடுத்தவர். ஸ்டியரிங்கில் இருந்த அந்த நிதானம் குறுக்கெழுத்தில் மட்டும் எங்கே போய்த் தொலைகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம். போதாததற்கு, ‘தெரியாது’ என்ற சொல் அவர் அகராதியிலேயே கிடையாது. “போகாத ஊருக்கும் வழி சொல்லுவாரு இந்த மனுஷன்” என்பது வீட்டுக்காரம்மாவின் சான்றிதழ்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் எந்திரங்கள் வரிசையாக நிற்கிற நீளமான கூடம் அது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலையிலிருந்து மதியம் வரை கையில் ஊசியோடு படுத்துக் கிடக்க வேண்டும். குளிரும். முதுகு கடுக்கும். அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு மண்ணும் இல்லை. அந்த அலுப்பில் முளைத்ததுதான் இந்த மூவர் கூட்டணி. பேப்பர் வாங்கி வருவது அவசரக்காரர் பொறுப்பு. வழியில் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் போட்டவரும் அவரேதான், தன் லட்சணம் அவருக்குத் தெரியாதா என்ன! கேள்விகளைப் போனில் படம் பிடித்து வாசிப்பவர் பேங்க்காரர். இடது கை ரத்தக்குழாய் கெட்டுப்போய் வலது கையில் ஊசி ஏற்றுவதால் அவசரக்காரரால் எழுத முடியாது. ஆகவே எழுதுவது தையல்கார அம்மா. ஒவ்வொரு எழுத்தையும் பித்தான் தைப்பது போல் கட்டத்தின் நடுவில் நிறுத்துவார்.

எழுத முடியாத குறையை அவசரக்காரரின் இடது ஆள்காட்டி விரல் தீர்த்துக்கொள்ளும். பதில் தட்டுப்பட்டதோ இல்லையோ, விரல் தானாகத் தொடையில் எழுத்துக் கூட்டி ஓட ஆரம்பித்துவிடும். வாய் அதன் பின்னாலேயே வரும். “விரல் கிளம்பிடுச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்கோங்க” என்று நர்சம்மாகூடக் கேலி செய்வார்.

பதிலோடு விட்டால்தான் பரவாயில்லையே. விவாதம் வேறு உண்டு. “பகைவன்னு கேட்டுட்டு எதிரின்னு போடுறான். எங்க பக்கத்து வீட்டுக்காரன் எனக்கு எதிரிதான். அதுக்காகப் பகைவன் ஆயிடுவானா? கட்டம் போடுறவனுக்குக் கொஞ்சமாவது வேணாம்?” என்று எகிறுவார். ரத்த அழுத்தமும் கூடவே எகிறும், எந்திரம் கூவும். நர்சம்மா ஓடி வந்து பட்டனை அமுக்கி, “அந்தாளை நாளைக்குத் திட்டுங்க சார். இப்ப பேசாம படுங்க” என்பார்.

சென்ற வாரம் ஒரு நாள், அவசரக்காரர் நீட்டிய பேனாவைத் தையல்கார அம்மா வாங்கவில்லை.

“வேற யாராச்சும் எழுதட்டும் அண்ணே. நான் இன்னியோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்.”

“எதை, குறுக்கெழுத்தையா?”

“இங்க வர்றதை.”

வருவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்தக் கூடத்தில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும். “பொண்ணுக்கு என்னைக் கூட்டிட்டு வர்றதும் கூட்டிட்டுப் போறதுமே பொழப்பாப் போச்சு. எனக்கும் சலிச்சுப் போச்சுண்ணே. இன்னிக்கு வந்தா நாளெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கிறேன். எழுந்தா மறுபடி இங்க. இது ஒரு வாழ்க்கையா?”

வாய்ச்சொல்லில் வீரரான அவசரக்காரர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அவர் மட்டும் என்ன, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிற காலைகள் அவருக்கும் உண்டு. தன்னிடமே இல்லாத தைரியத்தை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது? வாய் கூசியது. “சரி தங்கச்சி. இன்னிக்கு மட்டும் எழுதிடும்மா” என்று மறுபடியும் பேனாவை நீட்டினார். அம்மா பெருமூச்சுவிட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குச் சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. கட்டங்கள் மெல்ல மெல்ல நிறைந்தன. ஊசியைக் கழற்றும் நேரம் நெருங்கியபோது ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. பேங்க்காரர் சோர்ந்த குரலில் வாசித்தார். “கடைசி. இடமிருந்து வலம், பதினாறு. மலைச்சாலை வளைவுக்குப் பெயர் தந்தது. பெண்கள் கூந்தலில் செருகுவது. அஞ்சு எழுத்து.”

கொண்டை ஊசி. ஆயுசு முழுக்க அவர் பஸ்ஸை ஒடித்து ஒடித்துத் திருப்பிய வளைவு. போதாக்குறைக்கு, பக்கத்துப் படுக்கையில் தையல்கார அம்மாவின் தலையிலேயே ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. அம்மா பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக் காத்திருந்தார்.

“தெரியல” என்றார் அவசரக்காரர்.

“என்ன சார், நீங்க போய்…” என்று ஆரம்பித்த பேங்க்காரர், அவர் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கினார்.

தையல்கார அம்மா திரும்பி அவரையே பார்த்தார். “நிஜமாவே தெரியலையாண்ணே?”

“தெரியல தங்கச்சி. வயசாயிடுச்சுல்ல.” முகவாயால் பேப்பரைக் காட்டினார். “பேப்பரை நீயே வெச்சிரு. நாளன்னிக்கு வந்து போட்டுக்கலாம்.”

அம்மா பேனாவை மூடி, காலியான ஐந்து கட்டமும் மேலே தெரிய பேப்பரை மடித்தார். அதற்குள் அவசரக்காரரின் விரல் தொடையில் ‘கொ’வைத் தாண்டி ‘ண்’ணைத் தாண்டி ‘டை’க்கு வந்துவிட்டிருந்தது. அம்மாவின் பார்வை அங்கே இறங்குவதைக் கண்டதும், கையை வெடுக்கென்று இழுத்துப் போர்வைக்குள் செருகிக்கொண்டார்.